போக்கர் பயிற்சிச் செயலி, பாதி விலையில்: நீண்ட நாள் பயன்படுத்தியவனின் புலம்பல்

ஓர் ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். கோவா போக்கர் டோர்னமெண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நண்பன், "நீ ரொம்ப நாளா வெச்சிருக்கியே, வாங்கலாமாடா?" என்று கேட்டான். பதில் ஒரு வரியில் அடங்காமல் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டோர்னமெண்டுக்குத் தயார் செய்துகொள்கிறவர்களுக்கு இந்த வகைச் செயலிகள் எப்படி இருக்கும் என்று தெரியும்: ஒரு கையை (இரண்டு சீட்டு) கொடுக்கும், மேசையில் உங்கள் இடத்தையும் ஸ்டாக்கையும் (கையிருப்புச் சிப்புகள்) சொல்லும், ஃபோல்டா (விலகுவது) கால்-ஆ (எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடுவது) ரெய்ஸா (ஏற்றிப் போடுவது) ஆல்-இன்னா (மொத்தத்தையும் போடுவது) என்று கேட்கும், பிறகு மார்க் போடும். பணம் கட்டி ஆடுவது இதில் எதுவும் இல்லை, வெறும் பயிற்சி. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதற்கே இடமில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எனக்குப் பொறுமை இருக்காது. எந்தக் கையோடு உள்ளே போவது என்ற விஷயத்தில் இதைப் போல மண்டையில் ஏற்றியது வேறு எதுவும் இல்லை. மொத்தம் 169 வகைக் கைகள்தானே, ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 9 பேர் மேசையில் முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் கிங்-பத்து ஆஃப்சூட் (வெவ்வேறு ஜாதி) கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் அது ஃபோல்ட். அதே இடத்தில் ஜாக்-பத்து சூட்டட் (ஒரே ஜாதி) என்றால் உள்ளே போகலாம். பட்டனுக்கு, அதாவது ஃப்ளாப்புக்குப் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பிறகு கடைசியாகப் பேசும் இடத்துக்கு, வந்துவிட்டால் கிட்டத்தட்ட பாதிக் கைகளை ரெய்ஸோடு திறக்கலாம். படித்தால் எல்லோருக்கும் புரிகிற விஷயம்தான் இது, ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு மணி நேரமாக ஒரு கையும் வராமல் உட்கார்ந்திருக்கும்போது, கிங்-பத்தைத் தூக்கிப் போடக் கை வர வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பிக் பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை கட்ட வேண்டிய இடத்தில், கிடைத்தது. இப்போது நேரில் ஆடும் பெரும்பாலான டோர்னமெண்டுகளில் பிக் பிளைண்டில் இருப்பவரே மேசைக்கெல்லாம் சேர்த்து ஆன்ட்டியையும் (எல்லோர் பங்காகவும் நடுவில் போடும் தொகை) கட்டுகிறார். பட்டன் இரண்டு பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் விலகுகிறார் என்றால் நடுவில் ஏற்கனவே நாலரை கிடக்கிறது (அவருடைய இரண்டு, நம் பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்ந்து இரண்டு, ஸ்மால் பிளைண்டின் அரை), நாம் போட வேண்டியது ஒன்றுதான். அதாவது 18 சதவீதம் வெற்றி வாய்ப்பு இருந்தாலே கணக்கு சரியாகிவிடும். ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியிருப்பதால் அந்த வாய்ப்பு முழுதாகக் கைக்கு வராது என்பது வேறு, இருந்தாலும் குயின்-6 ஆஃப்சூட், 7-5 சூட்டட் என்று நாம் பார்க்காமலே தள்ளிவிடும் கைகளையெல்லாம் இங்கே கால் செய்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இது தெரிந்த பிறகு ஸ்டாக் கரையும் வேகமே குறைந்துவிட்டது.

அப்புறம் ஏஸ்-5 சூட்டட். ஒருவர் ரெய்ஸ் செய்தபின் 20 பிக் பிளைண்ட் அளவு ஸ்டாக்கோடு அவர் மேல் ஆல்-இன் போட இந்தக் கையைச் செயலி அடிக்கடி சிபாரிசு செய்யும். முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். யோசித்தால் நியாயம்: நம் கையில் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளியிடம் ஏஸ் ஜோடி வரக்கூடிய ஆறு வழிகள் மூன்றாகக் குறைகின்றன, ஏஸ்-கிங்கின் பதினாறு வழிகள் பன்னிரண்டாகின்றன. அப்படியும் மீறி குயின் ஜோடியோடு கால் செய்தால்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை நாம் ஜெயிக்கிறோம். பந்தய அளவுகளும் அப்படித்தான். ஏஸ்-7-2 என்று மூன்று ஜாதியாக, ஒன்றோடொன்று ஒட்டாத வறண்ட ஃப்ளாப் வந்தால், நடுவில் கிடக்கும் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு பந்தயம் போதும், நாலில் ஒரு தடவை எதிராளி விலகினாலே போட்ட முதல் தேறிவிடும். 7-6-5 வந்தால் கையைக் கட்டிக்கொண்டு செக், அதாவது பந்தயமே போடாமல் விடுவது. என்னோடு ஆடுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டுக்கும் ஒரே அளவு பந்தயம்தான் போடுகிறார்கள், நல்லது, அப்படியே போடட்டும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் செயலியில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று சிப் கணக்கு, ஒவ்வொரு சிப்புக்கும் ஒரே மதிப்பு. மற்றொன்று ஐசிஎம், பரிசுப் பட்டியலை வைத்து உங்கள் ஸ்டாக்குக்கு உண்மையில் எவ்வளவு பணமதிப்பு என்று பார்ப்பது. டோர்னமெண்ட் என்றாலே இரண்டாவதுதான் உயிர். ஆனால் செயலியைத் திறந்தால் எப்போதும் சிப் கணக்கில்தான் திறக்கும். ஐசிஎம்முக்கு மாற்ற மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டும். மாற்றிவிட்டு மூடினால், அடுத்த தடவை மறுபடியும் சிப் கணக்கு. எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று காட்டும் குறி திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் எறும்பளவு இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டிலும் பொத்தான்களின் நிறத்தை மாற்றுகிறார்கள், மேசையின் வேலைப்பாட்டை மாற்றுகிறார்கள், சீட்டு விழும் சத்தத்தைக்கூட மாற்றினார்கள், இதை மட்டும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

இது என்ன சின்ன விஷயம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு சாட்டிலைட் டோர்னமெண்ட் (பெரிய டோர்னமெண்டுக்கு நுழைவு டிக்கெட்டே பரிசு), மூன்று டிக்கெட், நான்கு பேர் மிச்சம், நால்வரிடமும் சம ஸ்டாக். டிக்கெட் மூன்றும் ஒரே மதிப்பு. பிளைண்டை விட்டுவிடுங்கள். இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே உங்களுக்கு முக்கால் டிக்கெட் சொந்தம். ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஆல்-இன் போடுகிறார், உங்கள் கையில் ஏஸ்-கிங் சூட்டட். கால் செய்து ஜெயித்தால் முக்கால் டிக்கெட் முழு டிக்கெட் ஆகிறது, தோற்றால் பூஜ்யம். கூடுதலாகக் கால் டிக்கெட் பெறுவதற்குக் கையிலுள்ள முக்கால் டிக்கெட்டைப் பணயம் வைக்கிறீர்கள், ஆக 75 சதவீதம் ஜெயிக்க வேண்டும். ஏஸ்-கிங் சூட்டட் எந்தக் கையென்றே தெரியாத ஒருவருக்கு எதிராக ஜெயிப்பது 67 சதவீதம். ஃபோல்ட்! 9 ஜோடியும் ஃபோல்ட். பத்து ஜோடி விளிம்பில் நிற்கும். ஜாக் ஜோடியிலிருந்துதான் நிம்மதியாக கால் செய்யலாம், அதுவும் அவர் உண்மையிலேயே பார்க்காமல் போட்டிருந்தால்.

இதே இடத்தைச் சிப் கணக்கில் கேட்டால் செயலி என்ன சொல்லும்? கால், உடனே கால். ஃபோல்ட் செய்தால் சிவப்பு விளக்கு, ஒரு அசிங்கமான சத்தம், "பெரும் பிழை" என்று ஒரு வரி. எறும்புக் குறியைக் கவனிக்காத புது ஆள் இதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்து, தப்பான பதிலைச் சரியான பதிலாகக் கை பழக்கிக்கொண்டு, கோவாவில் பபிளில் (இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சமுள்ள எல்லோருக்கும் பரிசு என்ற கட்டம்) போய் உட்கார்ந்து ஏஸ்-கிங்கோடு எழுந்து வருவார். செயலியோ அவருக்கு அன்று 96 மார்க் போட்டிருக்கும். உதவிப் பிரிவுக்கு எழுதினால் ஐசிஎம் என்றால் என்ன என்று விளக்கும் வீடியோவின் இணைப்பை அனுப்புகிறார்கள். ஐயா, அது எனக்குத் தெரியும், அதனால்தானே எழுதினேன்.

இன்னொரு குறையும் உண்டு, ஆனால் அதற்கு அவர்களை முழுதாகத் திட்ட முடியாது. எதிராளியும் கணக்குப் படித்தவர் என்றே செயலி நம்புகிறது. பத்து பிக் பிளைண்ட் ஸ்டாக்கோடு ஸ்மால் பிளைண்டிலிருந்து பாதிக்கு மேற்பட்ட கைகளை ஆல்-இன் தள்ளு என்று சொல்வது, எதிரே இருப்பவர் ஒழுங்காக விலகுவார் என்ற கணக்கில்தான். நான் ஆடும் மேசைகளில் கையில் ஒரு படச்சீட்டு இருந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் செய்கிற அண்ணன்மார்கள் உண்டு, அவர்களிடம் 8-4 சூட்டட்டைத் தள்ளினால் நாமே காலி. எதிராளியின் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது, விலை உயர்ந்த சந்தாவில் மட்டும். பாதி விலைச் சலுகை அதற்குக் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையிலேயே போனில் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். 2024 உலகப் போக்கர் தொடரின் (WSOP) மெயின் ஈவென்டில் ஜோனதன் டமாயோ ஜெயித்தபோது, பார்வையாளர் பக்கத்தில் அவருடைய நண்பர்கள் மடிக்கணினியோடு இருந்தது பெரிய சர்ச்சையாகி, அடுத்த ஆண்டு விதிகளை இறுக்கினார்கள்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. ஆமாம், மேலே இவ்வளவு புகழ்ந்திருக்கிறேன், என் ஆட்டத்தைத் திருத்தியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, இதைவிட நல்லதாக வேறொன்றை எனக்குக் காட்டவும் தெரியவில்லை, ஆனாலும் வாங்காதே. நேற்று அப்டேட் வந்திருக்கிறது, ஆவலாகத் திறந்து பார்த்தேன், மேசை ஊதா நிறமாகியிருக்கிறது, கணக்கு சிப்பில்தான் நிற்கிறது. ஐந்துக்கு இரண்டு ஸ்டார். சலுகை முடிவதற்குள் அவசரம் என்றால் ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டு, தொடக்கக் கைகளையும் பிக் பிளைண்டையும் நோட்டில் எழுதிக்கொள், சாட்டிலைட்டுக்கு முந்தின ராத்திரி மூலையில் அந்தச் சாம்பல் குறி எதைக் காட்டுகிறது என்று கண்ணாடி போட்டுப் பார். என் சந்தா இன்னும் சில மாதம் ஓடும், அதற்குள் சரிசெய்தால் இன்னொரு ஸ்டார் போடுகிறேன்.