பெல்லட் எடை பாக்க வாங்குன குட்டி தராசு
தம்பி 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுறான், அவனோட 4.5 மி.மீ. பெல்லட்ட (அந்த காத்து துப்பாக்கியில போடுற குட்டி குண்டு) எடை பாத்து பிரிக்கத்தான் 0.001 கிராம் வரைக்கும் காட்டுற இந்த டிஜிட்டல் தராச வாங்குனேன். பெல்லட் ஒண்ணு சுமார் 0.53 கிராம்தான், அதனால 0.01 தராசுல சின்ன வித்தியாசம் தெரியவே தெரியாது. கிரெயின்ங்கிற எடை அளவுலயும் காட்டுது, 1 கிரெயின்னா 0.0648 கிராம்.

ஆனா ஃபேன கட்டாயம் நிறுத்தணும், காத்து லேசா பட்டாலே கடைசி நம்பர் ஆடுது, எங்க தண்டையார்பேட்டை புழுக்கத்துல வேர்த்து ஊத்துது, வேற வழியில்ல, மூடிய சாத்திட்டுதான் ரீடிங் எடுக்கணும். ஆன் பண்ணி பத்து நிமிஷம் விட்டு கூட வந்த 20 கிராம் கல்ல வச்சு கேலிப்ரேட் பண்ணுங்க (அதாவது எடைய சரியா காட்டுற மாதிரி செட் பண்ணுங்க), கல்ல விரலால தொடாதீங்க, இடுக்கியில எடுங்க. பட்டன்தான் ரொம்ப கெட்டி, அழுத்துனா தராசே நகருது.