டேலியும் எக்செல்லும் மவுஸ் இல்லாமல்: என் அனுபவம்

கீபோர்டு ஷார்ட்கட் என்றாலே எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சில வருடங்களாக மவுஸை அதிகம் தொடாமல் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வேகம் இரண்டாம்பட்சம். முதல் லாபம் கண்ணுக்கு. இடப்பக்கம் பில் கட்டு, வலக்கை நம்பர் பேடில். நடுவில் மவுஸைப் பிடித்தால் திரையில் அம்புக்குறியைத் தேட வேண்டும், திரும்பி வந்து பில்லில் விட்ட வரியைத் தேட வேண்டும். 5,460 என்பது 5,640 ஆவது அந்த இடைவெளியில்தான்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி இதற்கென்றே பிறந்தது மாதிரி. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். தேதி மாற்ற எஃப்2. என்ட்ரி பாதியில் இருக்கும்போது புது பார்ட்டி (வாங்குகிறவரோ விற்கிறவரோ) வந்தால் ஆல்ட் + சி; அவர் பெயரில் லெட்ஜரை, அதாவது கணக்கை, அங்கேயே திறந்துவிட்டு விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். கன்ட்ரோல் + ஏ அடித்தால் மிச்சக் கட்டங்களைத் தாண்டி என்ட்ரி பதிவாகிவிடும். வசதிதான், ஆனால் நரேஷனை (என்ட்ரி எதற்கு என்ற சிறு குறிப்பை) எழுதாமல் விட்டுவிடும் பழக்கமும் கூடவே வரும். டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9-இலிருந்து அடுத்து வந்த பிரைமுக்கு மாறியபோது கிரெடிட் நோட் (விற்ற சரக்கு திரும்பி வந்தால் போடுவது) கன்ட்ரோல் + எஃப்8-இலிருந்து ஆல்ட் + எஃப்6-க்குப் போனது. மூளைக்கு உடனே புரிந்தது, விரலுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

எக்செல்லில் நான் அதிகம் தட்டுவது கன்ட்ரோல் + கீழ் அம்பு. பட்டியலின் கடைசி வரிக்குப் போவதற்குத்தான் இது என்பார்கள். எனக்கு இது சரிபார்க்கும் கருவி. நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கர்சர் அதற்கு மேலேயே நின்றுவிடும். ஜிஎஸ்டி எண் விடுபட்ட வரிகளை இப்படித்தான் பிடிக்கிறேன். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் ஃபில்டர் போடும், ஆல்ட் + கீழ் அம்பு அந்த ஃபில்டரைத் திறக்கும். ஃபார்முலா இல்லாமல் மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு இன்னும் ஆல்ட், இ, எஸ், வி என்று வரிசையாகத் தட்டுகிறேன். அது 2003 எக்செல்லின் மெனு வழி. 2007-இல் அந்த மெனுவே போய்விட்டது, சாவிகள் மட்டும் இன்றும் வேலை செய்கின்றன. பழைய ஆட்கள் கையை யாரும் மாற்ற முடியாது என்று மைக்ரோசாஃப்டுக்கே தெரிந்திருக்கிறது போல.

பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்வது வீண் வேலை. எக்செல்லில் ஆல்ட் சாவியை ஒருமுறை தட்டினால் ரிப்பனில், அதாவது மேலே உள்ள பொத்தான் பட்டையில், எழுத்துகள் தெரியும். தினமும் செய்கிற ஒரு வேலைக்கு அதைப் பார்த்துப் பார்த்தே செய்தால் தானாகப் படிந்துவிடும்.

லேப்டாப் வாங்குகிறவர்கள் கவனிக்க: எஃப்2 தட்டினால் சிலவற்றில் தேதி மாறாது, வெளிச்சமோ ஒலியோ மாறும். பல மாடல்களில் எஃப்என் + எஸ்கேப் அதைச் சரிசெய்யும். தனி நம்பர் பேடு இல்லாத லேப்டாப்பில் நாள் முழுக்க என்ட்ரி போடுவது தண்டனை. யுஎஸ்பி நம்பர் பேடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மவுஸைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பிடிஎஃப் ஸ்டேட்மென்டில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க அதுதான் வேண்டும். டேப் சாவி எங்கே போய் நிற்கிறதென்றே தெரியாத இணையத் தளங்களிலும் வேறு வழியில்லை.

விண்டோஸ் + வி பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பி செய்தவற்றின் பட்டியலைத் திறக்கும் சாவி இது. ஒருமுறை ஆன் செய்தால் கடைசியாக காப்பி செய்தவற்றில் 25 வரை அதில் இருக்கும். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி எண்களை அதில் 'பின்' (pin) செய்து வைத்தால் கம்ப்யூட்டரை அணைத்தாலும் போகாது. ஆனால் காப்பி செய்த பாஸ்வேர்டும் அதிலேயே வந்து உட்காரும். பொதுக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் எழுந்து போகும்முன் அதைத் திறந்து 'எல்லாம் அழி' கொடுத்துவிடுங்கள். 'பின்' செய்தவை அப்போதும் அழியாது. அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.