அதே பெயர், அதே இன்ஷியல், வேறு டாக்டர்: செம்பூரில் 84,000 ரூபாய் போன கதை

மும்பையில் செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். முட்டி வலிக்கு ஊசி போடும் ஒரு கிளினிக்கில் அம்மாவுக்காக 84,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். கிளினிக்கின் பெயரையும் டாக்டரின் பெயரையும் இங்கே போடப்போவதில்லை. புகார் விசாரணையில் இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கீழே வருகிறது. அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. சேடா நகர் முருகன் கோயிலில் படியேற முடியாமல் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பக்கத்து பில்டிங் மாமி, நல்ல எண்ணத்தில்தான், வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸை அனுப்பினார். டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.எஸ். ஆர்த்தோ, அதாவது எலும்பு அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு. கீழே "40 சர்வதேச ஆராய்ச்சிக் கட்டுரைகள், 3 அமெரிக்க பேட்டன்ட்கள்" என்று போட்டு, மூன்று பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) எண்களும் அச்சாகியிருந்தன. எண்ணையே போட்டிருக்கிறார்களே, அப்புறம் என்ன சந்தேகம் என்று நினைத்தேன். அந்த எண்களை அன்றைக்கே ஒரு நிமிடம் தேடியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

மருத்துவரே கண்டுபிடிப்பாளராகவும் இருப்பது நடக்காத காரியமும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வை 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் என்றால் டாக்டர் பி. கே. சேத்தியின் பெயர் வரும். அந்த வரிசையில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் செம்பூரில் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்ப மனசுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே போனதும், "வாங்கம்மா, எந்த ஊரு நீங்க?" என்றார். திருநெல்வேலிப் பக்கம் என்றதும் அவருக்கும் அந்தப் பக்கம்தான். மும்பையில் நாற்பது வருஷமாக இந்தியிலும் மராத்தியிலும் வலியைச் சொல்லிப் பழகிய அம்மாவுக்கு, "உள்ளாற குத்துது தம்பி" என்று தமிழிலேயே சொல்ல முடிந்தபோது பாதி வலி போய்விட்டது. என் பேட்டன்ட் ஊசி, ஆறு போட வேண்டும், ஒன்று 14,000 என்றார். மூன்று ஊசிக்கான பணத்தை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள்.

நான்காவது ஊசிக்குப் பிறகு முட்டி வீங்கியது. "மருந்து வேலை செய்யுது, அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆறும் முடிந்தது. அம்மா முன்பு சுவரைப் பிடித்து நடந்தாள், இப்போது வாக்கர். சயானில் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம் ரொம்ப முற்றிவிட்டது, இந்த நிலையில் ஊசியை நம்பியே இருந்திருக்கக் கூடாது என்றார். ஊசியில் என்ன மருந்து என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002இல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மூன்று தடவை நடந்தபின் ஒரு தாள் கிடைத்தது. அதிலும் மருந்தின் பெயர் இல்லை, "எங்கள் சிறப்பு ஊசி" என்றுதான் இருந்தது.

இங்கேதான் நான் செய்த தப்பு வருகிறது. கோபத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு டாக்டர் பெயரை நெட்டில் தேடினேன். அதே பெயர், அதே இன்ஷியல், எம்.எஸ். ஆர்த்தோ, தமிழ்நாட்டில் ஒரு ஆஸ்பத்திரி. ஓ, அங்கேயும் கடை விரித்திருக்கிறாரா என்று நினைத்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "கொள்ளைக்காரன்" என்றெல்லாம் எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தை நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

இரண்டு நாளில் அந்தத் தமிழ்நாட்டு டாக்டரிடமிருந்தே போன் வந்தது. "சார், நான் மும்பைக்கு வந்தே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க அம்மாவை நான் பார்த்ததில்லை" என்றார். கத்தவில்லை. இதே போல வேறு யாருக்கோ வரவேண்டிய வசவு தனக்கு வருவது இது மூன்றாவது தடவை என்றார். வைப்பதற்கு முன்னால், "அம்மாவுக்கு வீக்கம் குறைஞ்சுதா?" என்றும் கேட்டார். 84,000 போனபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

சென்னையில் பேட்டன்ட் வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் மகளிடம் சொன்னேன். "சித்தப்பா, பேரை வச்சுத் தேடினீங்களா, நம்பரை வச்சுத் தேடினீங்களா?" என்றாள். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைப் போட்டாக வேண்டும், அதே 2002 விதிகள்தான். எங்கள் ரசீதின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், அது இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். எண்ணை மட்டும் போட்டால் போதாது, எந்த மாநில கவுன்சில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுப்பதால், மகாராஷ்டிராவில் ஒருவருக்கு இருக்கும் எண் தமிழ்நாட்டில் வேறொருவருக்கு இருக்கலாம். தேடினோம். எங்கள் ஆள் போலி டாக்டர் இல்லை. 2011இல் பதிவு செய்த எம்.பி.பி.எஸ். அதற்கு மேல் எதுவும் இல்லை. எம்.எஸ். ஆர்த்தோ தமிழ்நாட்டுக்காரருடையது. பதிவேட்டில் அப்பா பெயர் வேறு, கல்லூரி வேறு.

அப்புறம் அந்த பேட்டன்ட் எண்கள். அண்ணன் மகள் பத்து நிமிடத்தில் மூன்றையும் எடுத்து அனுப்பினாள். அமெரிக்க பேட்டன்ட்டின் முதல் பக்கத்தில் கண்டுபிடிப்பாளரின் பெயரும் ஊரும் இருக்கும், என்ன படித்தார், டாக்டரா இன்ஜினியரா என்பதெல்லாம் இருக்காது. எங்கள் நோட்டீஸில் இருந்த மூன்றிலும் ஊர் அமெரிக்காவில். ஒன்று முட்டிப் பட்டையின் கீல் பற்றியது, அது போகட்டும். மற்ற இரண்டும் தண்ணீர் பம்ப்பின் சீல் பற்றியவை! முதல் விண்ணப்பம் 1998. எங்கள் டாக்டர் அப்போது அரை டிராயர் போட்டிருந்திருப்பார். 40 கட்டுரைகளில் அவள் திறந்து பார்த்தவற்றில் இரண்டு நெற்பயிர் நோய் பற்றியவை.

ஊசியே பேட்டன்ட் என்றாரே, அதையும் கேட்டேன். சிரித்தாள். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 3(i)-யின்படி சிகிச்சை முறைக்கு இங்கே பேட்டன்டே கிடையாதாம். மருந்துக்கோ கருவிக்கோ கிடைக்கலாம், "என் சிகிச்சை பேட்டன்ட் பெற்றது" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இன்னொன்றும் சொன்னாள்: விண்ணப்பம் போட்டால் 18 மாதம் கழித்து அது எப்படியும் வெளியாகும். "பேட்டன்ட் வெளியானது" என்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு அது வழங்கப்பட்டிருக்கிறது என்பது வேறு கதை.

நம் பெயர் வழக்கமும் இதில் ஒரு கூட்டாளி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்துதான். மும்பைக்கு வந்தால் ஃபாரத்தில் மூன்று கட்டம் இருக்கும். கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரைத் தள்ளிவிடுவோம். என் பாஸ்போர்ட்டில் நான் 'சுப்பிரமணியன்', அது என் அப்பா. ஆராய்ச்சிப் பட்டியல்களில் கடைசிப் பெயரும் ஓர் எழுத்தும்தான் பெரும்பாலும் வரும், 'குமார் எஸ்' என்கிற மாதிரி. அதற்குள் எத்தனை குமார்கள்! இந்தக் குழப்பத்துக்காகவே 2012இலிருந்து ஆர்சிட் என்று ஆராய்ச்சியாளர்களுக்கு 16 இலக்க எண் கொடுக்கிறார்கள். வாட்ஸ்அப் நோட்டீஸில் அதை யார் போடப்போகிறார்கள்.

கிளினிக்குக்குப் போய்த் தாள்களை மேஜையில் வைத்தேன். டாக்டர் பதறவே இல்லை. "வெப்சைட் பண்ணின பையன் கூகுள்ல என் பேரைப் போட்டு வந்ததை எல்லாம் எடுத்துப் போட்டுட்டான் அண்ணே, பிரின்டிங் மிஸ்டேக்" என்றார். சுவரில் மாட்டியிருந்த பேட்டன்ட் சான்றிதழும் பிரின்டிங் மிஸ்டேக்கா என்று கேட்டதற்கு பதில் இல்லை. 20,000 திருப்பித் தருகிறேன், இனி புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். வாங்கவில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "கொடுக்கிறதை வாங்கிட்டு வந்திருக்கலாம், நல்லா பேசின பிள்ளைதானே" என்று இன்னும் சொல்கிறாள்.

மகாராஷ்டிரா மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே கிளினிக்கில் ஊசி போட்டவர்கள் யாராவது இருந்தால் ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். நோட்டீஸை இப்போது மாற்றிவிட்டார்கள், பழையது என்னிடம் இருப்பதால்தான் புகாரே நிற்கிறது.

தமிழ்நாட்டு டாக்டரின் பக்கத்தில் நான் எழுதியதை எடுத்துவிட்டேன், அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் நான் குழுக்களில் போட்ட படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் தாராவியிலிருந்து ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "இந்த ஆளிடம் ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தார். நீல பேனர், மேலே ஆஸ்பத்திரிப் படம், கீழே ஒற்றை நட்சத்திரம். உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள். அது அவர் இல்லை.