அசர் வாசிப்புத் தாள்: ஒரே பக்கம்தான், ஆனால் வகுப்பறையில் இருக்க வேண்டியது

தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ எடுப்பவர்கள், ஜூன் மாதம் புதுப் பாடநூலைப் பிரிப்பதற்கு முன்னால், அசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் வாசிப்புத் தாளைக் கையில் எடுத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு முறை வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள் என்பேன். பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். காசு கிடையாது, ஜெராக்ஸ் செலவு மட்டும். ஆனால் அதில் தெரிய வருவது அந்த வருடம் முழுக்க நீங்கள் எப்படிப் பாடம் நடத்தப் போகிறீர்கள் என்பதையே மாற்றிவிடும். நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். இதன் பலம் எங்கே, தமிழுக்கு இது போதாமல் போவது எங்கே என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கும் அசர் என்றால் நாளிதழில் வரும் சதவீதம் மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் தாளைப் பார்த்தவர்கள் குறைவு.

ப்ரதம் என்ற தன்னார்வ அமைப்பு 2005இலிருந்து நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் கணக்கெடுப்புதான் அசர். பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்காமல் வீட்டுக்குப் போய்க் கேட்பதால் பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வந்துவிடும். அதில் வாசிப்புக்குப் பயன்படுத்தும் தாளை இணையத்தில் போட்டிருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. ஒரே பக்கத்தில் நான்கு பகுதி: எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவிலான நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சின்னக் கதை. அவ்வளவுதான். முதல் தடவை பார்க்கும்போது, இதை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

விஷயம் தாளில் பாதி, அதை நடத்தும் முறையில் பாதி. எழுத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். பத்தியைச் சரளமாக வாசித்தால் கதைக்குப் போகலாம். திணறினால் சொற்களுக்கு இறங்க வேண்டும், ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் சொல் நிலை. அதுவும் வரவில்லையென்றால் எழுத்து, அங்கேயும் ஐந்துக்கு நான்கு. அதுவும் வராத பிள்ளை தொடக்க நிலை. கீழே இறங்கி ஒரு படியில் தேறிய பிள்ளைக்கு அதற்கு மேல் படியை இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். முதலில் பயத்தில் உளறிய பிள்ளை, நான்கு சொல் சரியாக வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் அதே பத்தியை ஒழுங்காக வாசித்துவிடும். ஒரே வாய்ப்பில் மதிப்பெண் போட்டுப் பழகிய நமக்கு இந்தப் பொறுமை வருவது கொஞ்சம் சிரமம்தான்.

பத்தியில் மூன்று பிழை வரைக்கும் பரவாயில்லை. மெதுவாக வாசித்தாலும் சரி. ஆனால் வாக்கியமாக வாசிக்க வேண்டும், சொல் சொல்லாக விட்டு விட்டு அடுக்கினால் அது பத்தி நிலை ஆகாது. வேகத்தையும் ஓட்டத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிவது வாசிப்பு கற்பிக்கிறவருக்கு ரொம்ப முக்கியம். மெதுவாக, ஆனால் பொருளோடு போகும் பிள்ளைக்கு நிறையப் புத்தகம் கொடுத்தால் போதும், தானாக வேகம் பிடித்துவிடும். "அ-ம்-மா… க-டை-க்-கு…" என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, வரி முடிவதற்குள் வரியின் ஆரம்பத்தை மறந்துவிடும் பிள்ளைக்கு வேறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நம் வகுப்பறைகளில் வாசிப்பு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது கோரஸ். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். ஒரு வாரத்தில் பாடம் முழுக்க எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும், யாரை எழுப்பி வாசிக்கச் சொன்னாலும் கடகடவென்று வரும். பக்கத்தில் போய் நின்று பார்த்தால் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். இந்தப் பிள்ளைகளைப் பாடநூலை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எழுத்துத் தேர்விலும் மாட்டமாட்டார்கள், கரும்பலகையைப் பார்த்துக் கேள்வி பதிலை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய நான்காம் வகுப்புப் பிள்ளை, முன்பின் பார்க்காத நான்கு வரியைக் கொடுத்ததும் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைத் திட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை, அதற்கு யாரும் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. தனியாக உட்கார வைத்துக் காதால் கேட்கிற எந்த மதிப்பீட்டிலும் இது தெரிந்துவிடும். அசர் தாள் அதைச் சுலபமாக்கித் தருகிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய குறை எழுத்துப் பகுதியில்தான். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். ஒரு கட்டத்துக்குள் கொஞ்சம் எழுத்துகளைப் போட்டு, ஐந்துக்கு நான்கு சொன்னால் "எழுத்து நிலை" என்று முடிவு செய்வது நாடு தழுவிய கணக்குக்குச் சரியாக இருக்கலாம், வகுப்பாசிரியருக்குப் போதாது. எழுத்து நிலைக்கும் சொல் நிலைக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் நிற்கிறார்கள், அந்த இடைவெளியைப் பற்றித் தாள் எதுவும் சொல்வதில்லை. துணைக்கால் தெரியும், கொம்பு தெரியாது என்று ஒரு பிள்ளை இருக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கெ, கே இரண்டையும் ஒரே மாதிரி சொல்லும் பிள்ளை இருக்கும். கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, ஒலியோ பின்னால் வருகிறது, இடமிருந்து வலமாக ஒழுங்காகப் போகும் பிள்ளைக்கு இது குழப்பமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. உகர வரிசை இன்னும் கஷ்டம். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், ஒரு குறியைக் கற்றுக்கொண்டு எல்லா எழுத்திலும் போட்டுவிட முடியாது. அதனால் எழுத்து நிலை, சொல் நிலை என்று வரும் பிள்ளைகளுக்கு நானே வரிசைவாரியாக இன்னொரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஆகார வரிசையில் கொஞ்சம், இகர ஈகாரத்தில் கொஞ்சம், உகர ஊகாரம் கூடுதலாக, கொம்பு வருபவை எல்லாம் தனியாக. எந்த வரிசையில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த வரிசையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். தெரியாதவரை திரும்பத் திரும்ப அ, ஆ, இ, ஈ என்று முதலிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டிருப்போம், பிள்ளைக்கும் சலித்துவிடும்.

ல, ள, ழ குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் வாசிப்புப் பிழையாக எண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் எண்ணுவதில்லை. வீட்டிலும் தெருவிலும் ழகரம் கேட்காத ஊரில் வளரும் பிள்ளை "மளை" என்று வாசித்தால் அதற்கு மழை என்று தெரிந்துதான் வாசிக்கிறது. உச்சரிப்பைப் பாட்டிலும், எழுத்துப் பிழையைச் சொல்வதை எழுதுதலிலும் பார்த்துக்கொள்ளலாம். அதே போல "இருக்கிறது" என்பதை "இருக்கு" என்று வாசிக்கும் பிள்ளையும். அது எழுத்தைப் பார்த்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் பேச்சுக்கு மாற்றிச் சொல்கிறது. அதைப் பிழை என்று வெட்டினால் நன்றாக வாசிக்கும் பிள்ளை ஒரு படி கீழே போய்விடும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் சொல்லைச் சரியாக ஒலித்துவிட்டுப் பொருள் தெரியாமல் முழிப்பார்கள், தாளோ அவர்களைக் கதை நிலை என்று மேலே ஏற்றிவிடும்.

இது இரண்டாவது குறையோடு சேர்ந்தது. வாசித்தது புரிந்ததா என்பதற்கு இந்தத் தாளின் நிலைகளில் இடமில்லை. சரளமாக ஒப்பித்தால் கதை நிலைதான். எனவே கதையை வாசித்து முடித்ததும் நான் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்வேன். ஒன்று கதையிலேயே பதில் இருப்பது, இன்னொன்று கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டியது, "அவன் ஏன் அப்படிச் செய்தான்" என்பது மாதிரி. மதிப்பெண் கிடையாது, பக்கத்தில் ஒரு குறி மட்டும் போட்டுக்கொள்வேன். இரண்டாவது கேள்விக்கு மௌனமாக நிற்கும் பிள்ளைகளோடு நிறையப் பேச வேண்டும், நிறையக் கதை சொல்ல வேண்டும். எழுத்துப் பயிற்சியால் அங்கே பயன் இல்லை.

இதற்கு மாற்றாக இஜிஆர்ஏ (EGRA) என்ற தொடக்க வகுப்பு வாசிப்பு மதிப்பீட்டைச் சொல்வார்கள். ஆர்டிஐ இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2006 வாக்கில் உருவாக்கியது, பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை எழுத்து, எத்தனை சொல் என்று கடிகாரம் வைத்து எண்ணுவார்கள், புரிதல் கேள்விகளும் உண்டு. அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்லும் பகுதி ஒன்றும் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும். "சொமி", "தூகை", "நேபு" என்று எழுதிக் கொடுத்தால் மனப்பாடத்தால் தப்பிக்க வழியில்லை, எழுத்து தெரிந்தால்தான் வாசிக்க முடியும். இந்த ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்து என் தாளில் சேர்த்திருக்கிறேன். கடிகாரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எதிரில் ஒருவர் நேரம் பார்த்தாலே நடுங்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவுகோலே தமிழுக்கு எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டியது. 2021இல் தொடங்கிய, அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. இந்தியில் மூன்று சொல்லாக நிற்பது நமக்கு "வந்துகொண்டிருந்தார்கள்" என்று ஒரே சொல். இரண்டையும் ஒரே எண்ணால் அளந்தால் தமிழ்ப் பிள்ளை மெதுவாக வாசிப்பதாகத்தான் தெரியும். 2022இல் என்சிஇஆர்டி நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்கும் தனித்தனி அளவு வைத்தார்கள், அதுதான் முறை.

அசர் என்றாலே ஆசிரியர்களுக்கு வரும் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கக்கூடிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் விழுக்காடு 2018இல் 10 அளவில் இருந்து 2022இல் 5க்கும் கீழே போனது, 2024இல் மறுபடி 10ஐத் தாண்டியது. 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடமே மூடிக்கிடந்த வருடம் அது. நம் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்புக்குள் காலே வைக்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். செய்தித் தலைப்பில் இதற்கெல்லாம் இடமிருக்காது, ஆசிரியர் மேல்தான் விடியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்காகத் தாளை ஒதுக்க வேண்டியதில்லை. மாநிலத்துக்கு மதிப்பெண் போடுவது வேறு வேலை, என் வகுப்பில் இருப்பவர்களில் யாருக்கு எது வரவில்லை என்று நான் பார்ப்பது வேறு வேலை.

பார்த்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்பு வாரியாக இல்லாமல், நிலை வாரியாகப் பிள்ளைகளைச் சேர்த்துத் தினமும் கொஞ்ச நேரம் கற்பிக்கும் முறையை ப்ரதம் பல வருடமாகச் செய்கிறது. அதன் பலனை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு, 2019இல் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து பொருளாதார நோபல் பெற்றவர்கள். நம் ஊரில் 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே பயிற்சி நூல் வருகிறது. எந்தப் பிள்ளை எதில் என்று முடிவு செய்ய நான் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். தொடக்கமும் எழுத்தும் அரும்பு, சொல் நிலை மொட்டு, பத்தியும் அதற்கு மேலும் மலர் என்று ஏறக்குறைய ஒத்துப்போகும். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருப்பது பெரிய உதவி. சொல் நிலைப் பிள்ளையிடம் 'நுழை' புத்தகம் ஒன்றைக் கொடுத்தால் அன்றைக்கே முழுதாக வாசித்து முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். நிலை தெரியாமல் 'பற' கொடுத்தால் படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடும்.

யாருக்கு இது தேவையில்லை என்றால், ஐந்தாம் வகுப்பில் கதைப் புத்தகம் தானாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தத் தாளில் எட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. அதே போல மாதாமாதம் எடுத்து, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலை மாதிரி இன்னொரு பதிவேடாக ஆக்கிவிடவும் வேண்டாம். பருவத்துக்கு ஒரு தடவை போதும், அதுவும் ஒரே தாளைத் திரும்பக் கொடுக்காமல் வேறு மாதிரித் தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன, பழைய வருடத் தாள்களும் கிடைக்கும். வாசிப்பு மதிப்பீட்டுக்கு என்று பெட்டி நிறைய அட்டையும் செயலியும் சேர்த்து விற்கும் தொகுப்புகளைத் தனியார் பள்ளிகள் வாங்குவதைப் பார்க்கிறேன். அந்தக் காசுக்குக் கதைப் புத்தகம் வாங்கி வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடலாம்.

அச்செடுக்கும்போது ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி, நான்கு பகுதியையும் வெட்டித் தனித்தனியாக லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் எல்லாம் தெரிந்தால் பத்தியில் திணறும் பிள்ளையின் கண் எழுத்துக் கட்டத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தமிழுக்கென்று உயிர்மெய் வரிசைகள் கொண்ட இரண்டாவது பக்கம் ஒன்றை அசர் குழு சேர்த்தால் பெரிய உபகாரமாக இருக்கும். அதுவரை அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி, எழுத்து அட்டையின் பின்பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்வது வசதி.