டிசம்பரில் நான்கு லீக்: ஸ்லீப்பர் செயலியை ஏன் விடமாட்டேன்

அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே ஓர் அணி கட்டி, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்ப்பதுதான் ஃபேன்டஸி ஃபுட்பால். அதில் ஒரே ஒரு லீக் ஆடுகிறவருக்கு எந்தச் செயலியும் போதும். ஈஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் எதுவானாலும் டிராஃப்ட் (ஆட்டக்காரர்களை முறைபோட்டு எடுப்பது) நடக்கும், புள்ளி ஏறும், திங்கள் இரவு யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடும். மூன்று நான்கு லீக்கில் இருந்து, அதில் பாதியிலாவது பிளேஆஃபுக்குள் போய்விட்டால்தான் செயலியின் தரம் தெரியும். எனக்கு நான்கு. ஆபீஸ் லீக், எங்கள் தெருக்காரர்கள் லீக், கணவருடைய கல்லூரி நண்பர்களோடு ஒரு டைனஸ்டி லீக் (அதே அணியை வருடா வருடம் வைத்துக்கொண்டு ஆடுவது), நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் இருக்கும் சித்தி, பெரியம்மா பிள்ளைகளோடு ஒரு குடும்ப லீக். ஆபீஸ் லீக் தவிர மற்ற மூன்றும் இப்போது ஸ்லீப்பரில்தான்.

ட்ரீம்11 மட்டும் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் எடுக்கலாம். சீசன் முழுக்க ஆடும் லீக்கில் அது நடக்காது. ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட்டில் எங்கள் ஊர் அணியான சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜமார் சேஸை நான் எடுத்துவிட்டால் அந்த லீக்கில் வேறு யாருக்கும் அவர் கிடையாது. வேண்டுமானால் என்னிடம் டிரேட் பேச வேண்டும். எங்கள் குடும்ப லீக் சாட்டில் அக்டோபர் முழுக்க இதே பேச்சுதான். "அக்கா, சேஸை எனக்குத் தள்ளிவிடுங்களேன், ரெண்டு ரன்னிங் பேக் தர்றேன்" என்று தம்பி ஒருவன் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பான் (ரன்னிங் பேக் என்றால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்). தர மாட்டேன். சின்சினாட்டியில் குடியிருந்துகொண்டு சேஸைத் தூக்கிக் கொடுக்க மனசு வருமா?

2021இலிருந்து என்எஃப்எல் சீசன் 18 வாரம். ஃபேன்டஸி பிளேஆஃபைப் பெரும்பாலான லீக்குகள் 15, 16, 17ஆம் வாரங்களில் வைத்துக்கொள்கின்றன. 18ஐத் தொடாததற்குக் காரணம் உண்டு. இடம் உறுதியான அணிகள் அந்தக் கடைசி வாரத்தில் பெரிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடும். 2024இல் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடியிருந்தார். 1984இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2,105 சாதனைக்கு இன்னும் 100தான் பாக்கி. அப்படியிருந்தும் ஈகிள்ஸ் அவரைக் கடைசி ஆட்டத்தில் இறக்கவில்லை. உங்கள் இறுதிப்போட்டி அந்த வாரத்தில் இருந்திருந்தால் கதை முடிந்தது. ஸ்லீப்பரில் பிளேஆஃப் எந்த வாரம் தொடங்க வேண்டும், எத்தனை அணிகள் என்பதையெல்லாம் கமிஷனர் (லீக்கை நடத்துகிறவர்) முதலிலேயே வைத்துவிடலாம். புதிதாக லீக் தொடங்குகிறவர்கள் டிராஃப்ட்டுக்கு முன்பே இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நான்கு லீக்கின் கஷ்டம் அணிகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு லீக்குக்கும் விதி வேறு, அதில்தான் தலை சுற்றும். டைனஸ்டியில் ஒரு கேட்ச்சுக்கு (வீசிய பந்தைப் பிடிப்பதற்கு) முழுப் புள்ளி. தெரு லீக்கில் அரைப் புள்ளி. 2024இல் சேஸ் பிடித்தவை 127 கேட்ச். முழுப் புள்ளி லீக்கில் கேட்ச்சுக்கென்று மட்டும் 127 வரும், அரைப் புள்ளி லீக்கில் 63.5தான். டெரிக் ஹென்றி மாதிரி பந்தைத் தூக்கிக்கொண்டு இடித்து ஓடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆக, ஒரே ஆட்டக்காரரை ஒரு லீக்கில் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவேன், இன்னொன்றில் பெஞ்சில் வைப்பேன். ஸ்லீப்பரில் லீக்குகள் வரிசையாக நிற்கும். தொட்டால் அந்த லீக், அந்த விதிக்கேற்ற புள்ளி. மூன்று பாஸ்வேர்டும் மூன்று வேறு திரையும் இல்லாமல் இதைப் பார்க்க முடிவதே டிசம்பரில் பெரிய நிம்மதி.

செவ்வாய் இரவு வேவர் வேலை. கையில் 100 கற்பனை டாலரோடு ஆரம்பித்து, யாரிடமும் இல்லாத ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாக ஏலத்தொகை போடும் முறை எங்களுடையது. காலையில் எழுந்தால் யாருக்கு யார் போனார்கள் என்று சாட்டில் விழுந்திருக்கும். எல்லா லீக்கிலும் ஆட்கள் யாரை அள்ளுகிறார்கள், யாரைக் கைவிடுகிறார்கள் என்ற பட்டியல் ஒன்று ஸ்லீப்பரில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தொகை போடுவேன். பிளேஆஃபில் இன்னொரு வேலையும் செய்வேன். எனக்குத் தேவையில்லாவிட்டாலும், எதிரணிக்குப் பயன்படக்கூடிய மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை வீசுகிறவர்) யாராவது சும்மா இருந்தால் எடுத்து என் பெஞ்சில் வைத்துவிடுவேன். சிலர் இது தப்பு என்பார்கள். விதிக்குள் இருக்கும் வரை இதுவும் ஆட்டம்தான் என்பது என் கட்சி.

இந்தச் செயலி தன் விலையைக் காட்டுவது (விலையே கிடையாது, இலவசம்) ஞாயிறு காலை 11:30க்கு. ஒரு மணி ஆட்டங்களுக்கு யார் இறங்கவில்லை என்ற பட்டியலை அணிகள் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் வெளியிடும். எங்கள் வீட்டில் சாம்பார் கொதிக்கும் நேரம் அது. அடுப்பு மேடையில் மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் மொபைலைச் சாய்த்து வைத்திருப்பேன். சந்தேகம் என்று வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டவர் இறங்கவில்லையென்றால் நோட்டிபிகேஷன் உடனே வந்துவிடும். அதைத் தொட்டால் நேராக அவர் பக்கம். அங்கிருந்து லைன்-அப் போய், அவரை நீக்கி, பெஞ்சிலிருந்து ஒருவரை ஏற்றிவிட்டு, அடுத்த லீக்குக்குத் தாவலாம். தாளித்து இறக்குவதற்குள் மூன்று லீக்கும் முடிந்துவிடும்.

வேறொரு செயலியில் போன சில சீசன்களில் நான் பட்ட பாடு இதற்கு நேர்மாறு. பெயர் சொல்லவில்லை. ஒரு அரையிறுதியில் ஆட்டம் தொடங்க இரண்டே நிமிடம் இருக்கும்போது திரை சுற்றிக்கொண்டே இருந்தது. காயத்தால் இறங்காத ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிக்கிறவர்) என் அணியில் பூஜ்யத்தோடு உட்கார்ந்திருந்தார். பதினான்கு வாரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய அணி அப்படிப் போனால் கோபம் வராமல் என்ன செய்யும்? தெரு லீக்கை ஸ்லீப்பருக்கு மாற்றியே தீரவேண்டும் என்று அன்று மாலையே எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டினேன்.

லைன்-அப்பில் ஒரு நுணுக்கம். ஸ்லீப்பரில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுவார். அதனால் வியாழன் இரவு ஆடுகிறவரை எப்போதும் அவருக்குரிய ரன்னிங் பேக் அல்லது ரிசீவர் இடத்தில் வையுங்கள். ஃபிளெக்ஸ் இடத்தைக் கடைசியாக ஆடுகிறவருக்கு விட்டுவைக்க வேண்டும். ஞாயிறு மாலை யாராவது இறங்காமல் போனால் அந்த ஃபிளெக்ஸ்தான் காப்பாற்றும், ரன்னிங் பேக், ரிசீவர் எவரையும் அங்கே திணிக்கலாம். டிசம்பரில் சனிக்கிழமை ஆட்டங்களும் சேர்ந்துகொள்வதால் இது இரட்டிப்பு முக்கியம்.

2024 கிறிஸ்துமஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வருடம் 25ஆம் தேதி புதன்கிழமை. இறுதிப்போட்டி வாரமான 17ஆம் வாரம் அன்றைக்கே தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸில் இரண்டு ஆட்டம்: சீஃப்ஸ் 29-10 என்று ஸ்டீலர்ஸை வென்றது, ரேவன்ஸ் 31-2 என்று டெக்சன்ஸை வென்றது. முந்தைய வாரமோ திங்கள் இரவு பேக்கர்ஸ்-செயின்ட்ஸ் ஆட்டத்தோடுதான் முடிந்தது. நடுவில் ஒரே ஒரு பகல், அதற்குள் வேவர், அதற்குள் லைன்-அப். வழக்கமாகப் புதன்கிழமை விழித்துக்கொள்ளும் ஆட்கள் ஏமாந்திருப்பார்கள். எங்கள் குடும்ப லீக் கமிஷனர், டெக்சஸில் இருக்கும் பெரியம்மா மகன், டிசம்பர் முதல் வாரமே சாட்டில் வாக்கெடுப்பு வைத்து அந்த வாரத்து வேவர் எப்போது என்பதை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிட்டான். வாக்கெடுப்பு, டிரேட் பேச்சு, முடிவு எல்லாம் லீக் இருக்கும் அதே இடத்தில் இருந்ததால் ஒருவர்கூட எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை.

அன்று ரேவன்ஸின் ஹென்றி 147 யார்டும் ஒரு டச்டவுனும் (கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) அடித்தார். குடும்ப லீக்கில் அவர் என் அணி, டைனஸ்டியில் எனக்கு எதிரணி. பல லீக் ஆடுகிற எல்லோருக்கும் இது வரும். நான் வைத்திருக்கும் வழி எளிது: எந்த லீக் எனக்கு முக்கியம் என்று 15ஆம் வாரத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுவேன். எனக்குக் குடும்ப லீக்தான் முதல். ஹென்றிக்குக் கை தட்டினேன். சனிக்கிழமை எங்கள் ஊர் மைதானத்தில் பிராங்கோஸுக்கு எதிராகப் பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸ் 11 கேட்ச், 131 யார்டு, 3 டச்டவுன். கடைசி டச்டவுன் கூடுதல் நேரத்தில், 30-24. முழுப் புள்ளி லீக்கில் அது 42.1. வீடே அதிர்ந்தது.

அதே 2024 சீசனில்தான் 15ஆம் வாரத்தில் ஜொனதன் டெய்லர் நீண்ட ஓட்டம் ஓடி, கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு நொடி முன்பே பந்தைக் கீழே விட்டார். டச்டவுன் போனது. அவரை நம்பிக் கால்இறுதி ஆடியவர்களின் வயிறு எரிந்தது. அடுத்த வாரமே அவர் 218 யார்டு, 3 டச்டவுன். எந்தக் கணிப்பு எண் இதைச் சொல்லும்? அதனால்தான் செயலி ஆட்டத்துக்கு முன் காட்டும் கணிப்புப் புள்ளியை நான் பார்ப்பதோடு சரி. காயம், அந்த ஆட்டக்காரருக்கு வாரம் எத்தனை முறை பந்து போகிறது, வானிலை, இந்த மூன்றும் எனக்குப் போதும்.

சாட்டின் அருமை எனக்கு உண்மையில் புரிந்தது 2023 ஜனவரி 2. பில்ஸ்-பெங்கால்ஸ், திங்கள் இரவு, எங்கள் ஊரில். 17ஆம் வாரத்தின் கடைசி ஆட்டம், எங்கள் டைனஸ்டி இறுதிப்போட்டியும் அந்த ஆட்டத்தை நம்பித்தான் இருந்தது. முதல் கால்பகுதியில் ஹிக்கின்ஸை மடக்கிய பில்ஸின் டமார் ஹாம்லின் எழுந்து நின்று, அப்படியே சரிந்தார். இதயத் துடிப்பு நின்றுவிட்டது. மைதானத்திலேயே முதலுதவி செய்து, சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் சாட்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கேலியெல்லாம் நின்று, அவருக்காகப் பிரார்த்தனைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆட்டம் பிறகு ரத்தானது. புள்ளிக் கணக்கை எப்படி முடிப்பது என்பது ஒவ்வொரு லீக்கின் கையில் விடப்பட்டது. எங்கள் இறுதிப்போட்டியில் இருந்த இரண்டு பேருமே கோப்பையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று அவர்களாகவே எழுதினார்கள். ஹாம்லின் அடுத்த சீசனில் மீண்டும் களம் இறங்கியபோது அதே சாட்டில்தான் கொண்டாடினோம்.

நிறுவியதும் செய்யவேண்டியது ஒன்று. லீக் வாரியாக சாட் நோட்டிபிகேஷனைக் குறைத்து, ஆட்டக்காரர் செய்தியை மட்டும் முழுதாக விடுங்கள். இல்லையென்றால் கேலிப் படங்களுக்கு நடுவில் காயச் செய்தி மூழ்கிவிடும். பணம் வைத்து ஆடும் பிக்ஸ் என்ற பகுதியும் உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதில்லை. குடும்ப லீக்கில் கல்லூரி போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் போகவேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

டைனஸ்டி ஆடுகிறவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம், வருங்கால டிராஃப்ட் பிக்குகளை (தேர்வு உரிமைகளை) டிரேட் செய்வது இதில் அவ்வளவு சுலபம். ஒரே ஒரு லீக், அதுவும் பல வருடமாக யாஹூவிலோ ஈஎஸ்பிஎன்னிலோ பழைய கணக்குகளோடு ஓடுகிறதென்றால் மாற்ற அவசரமில்லை. மாற்றினாலும் சீசன் நடுவில் வேண்டாம், பிப்ரவரியில் பேசி ஆகஸ்ட்டில் தொடங்குங்கள். இன்னொன்று: ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தால் செவ்வாய் காலையே கோப்பைப் படம் போடாதீர்கள். என்எஃப்எல் புள்ளிவிவரத் திருத்தங்கள் வந்து முடிய வியாழன் ஆகிவிடும்.