டீசல் தீர்ந்து நின்ற மாஸி 1035: பைப்பில் புகுந்த காற்றை எடுத்து ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டில் பல வருடமாக உழைப்பது மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். 3 சிலிண்டர், 36 குதிரைசக்தி, சிம்சன் இன்ஜின். வண்டியைத் தயாரிக்கும் டாஃபே, 1960-லிருந்து சென்னையில் இருக்கும் கம்பெனி. அதனால் சின்ன ஊர் ஸ்பேர் கடையில்கூட இதற்கு வாஷரும் ஃபில்டரும் கிடைத்துவிடும். இழுவை, ஹைட்ராலிக் எல்லாம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். டீசல் சுத்தமாகத் தீர்ந்து வயலில் நின்றுவிட்டால் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டேங்க் 47 லிட்டர். சேற்று உழவில் மணிக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். கேஜ்வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டி வரப்பு ஏறி இறங்கும்போது டேங்கில் கொஞ்சம் டீசல் மட்டும் இருந்தாலே ஆபத்துதான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் டீசல் அந்த மூலைக்குப் போய்விடும், பைப் வாய் வெளியே தெரியும், அங்கேதான் காற்று ஏறும். இன்ஜின் சத்தம் ஒருமுறை ஏறி இறங்கும், இழுவை விடும், அப்புறம் நின்றுவிடும். டிரைவர் தம்பி இறங்கி வந்து, “அண்ணே, ஏர் எடுத்துருச்சு” என்பார், அதாவது டீசல் பைப்பில் காற்று புகுந்துவிட்டது. எங்கள் பக்கம் எல்லா டிரைவருக்கும் அந்தச் சத்தம் பழக்கம்.

இதற்கப்புறம் கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றிவிட்டுச் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் வண்டி கிளம்பாது, பேட்டரிதான் இறங்கும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கக் கிட்டத்தட்ட 200 பார் அழுத்தம் வேண்டும். பைக் டயரில் இருப்பது 2 பார்தான், அதை வைத்து யோசித்துப் பாருங்கள். டீசலை அமுக்கினால் அவ்வளவாகச் சுருங்காது, அழுத்தம் நேராக நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று சுருங்கிவிடும். பம்ப் அமுக்குகிற அமுக்கெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் வாய் திறக்காது. ஆகவே காற்றை வெளியேற்ற வேண்டும், அதுவும் டேங்கிலிருந்து நாசில் வரை வரிசையாக. நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் பின்னால் இருக்கும் காற்று முன்னால் வந்துகொண்டே இருக்கும்.

நாசிலுக்கு டீசலை அமுக்கும் பம்ப் எங்கள் வண்டியில் இன்லைன் வகை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி அமுக்கி வரிசையாக இருக்கும். நாங்கள் செய்வது இப்படி. முடிந்தவரை வண்டி சமமாக நிற்க வேண்டும். குறைந்தது 10 லிட்டராவது ஊற்றுவோம். 2 லிட்டர் ஊற்றிவிட்டுக் காற்றை வெளியேற்றுவது வீண் வேலை. டேங்க் காக் (டீசலைத் திறந்து மூடும் திருகு) திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டர் தலையையும் பம்ப்பையும் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். சேற்று வயலில் இதைச் சோம்பலில் விடக்கூடாது. காற்றை வெளியே விடத் தளர்த்தும் ஸ்க்ரூ வழியாக உள்ளே போகிற ஒரு மணல் துகள் பம்ப்பையே கெடுத்துவிடும்.

டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பில் இருக்கும் கைப்பம்ப்பின் கைப்பிடிக் குமிழைத் திருகிக் கழற்றி, முதல் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, பம்ப் அடிக்க வேண்டும். முதலில் புஸ் என்று காற்று மட்டும் வரும். அப்புறம் வெள்ளையாக நுரை. நுரை குறைந்து குமிழ் குமிழாக வரும், பிறகு குமிழே இல்லாமல் டீசல் ஒரே சீராக வழியும். அவசரப்பட்டு நுரை நின்றதுமே மூடுகிறவர்கள் உண்டு. நின்ற மாதிரி தெரிந்த பிறகும் பத்துப் பதினைந்து அடி கூடுதலாக அடித்துப் பார்த்தால் இன்னொரு பெரிய குமிழ் வரும். அது வந்து போன பிறகு, கை பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூட வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு மூடினால் அந்த ஒரு நொடியில் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இதேபோல இரண்டாவது ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்ப் மேலேயுள்ள ஏர் ஸ்க்ரூ. இந்த மூன்றையும் பொறுமையாகச் செய்தால் பாதி நேரம் நாசில் பக்கமே போக வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும் கைப்பம்ப்பின் குமிழை அமுக்கித் திருகி இறுக்க வேண்டும். அதை மறந்தால் அதன் வழியே டீசல் கசியும், காற்றும் போகும். சில பழைய மாடல்களில் குமிழுக்குப் பதில் சின்ன லீவர் இருக்கும். அது பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் பம்ப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே பம்ப்பைத் தள்ளும் கேம் (இன்ஜினோடு சுற்றும் மேடு) ஏறி நிற்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் பிடிப்பு வந்துவிடும்.

அப்படியும் பிடிக்கவில்லையென்றால்தான் நாசில் பைப். மூன்று நாசிலிலும் பைப் நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, கியர் நியூட்ரலில் வைத்து, இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப்பரை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கக் கொடுத்து, செல்ஃபை 10 நொடி அடிக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். நட்டு ஓரத்தில் டீசல் விட்டுவிட்டுத் துடிப்பாக வந்தால் இறுக்கிவிடலாம். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆகிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இறுக்கிவிட்டு அடித்தால் வண்டி பிடிக்கும். முதலில் இரண்டு சிலிண்டரில் நொண்டும், வெள்ளைப் புகை தள்ளும். எரியாத டீசல்தான் அந்தப் புகை. கொஞ்ச நேரத்தில் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும், சத்தம் சட்டென்று சீராகும். அந்தச் சத்தம் கேட்பதில் எனக்கு இன்னமும் தனி மகிழ்ச்சி உண்டு.

ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்வதை நான் அடியோடு எதிர்க்கிறேன். பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கும், பிஸ்டனும் ரிங்கும் அடி வாங்கும். பைப்பில் காற்று அப்படியேதான் இருக்கும். இன்னொரு டிராக்டரை வைத்து இழுத்து ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான்; பைப்பில் காற்று இருக்கும்வரை எவ்வளவு தூரம் இழுத்தும் பயனில்லை.

இத்தனை வருடத்தில் பார்த்த அளவில், காற்றை வெளியேற்றிய பிறகும் இரண்டு நிமிடம் ஓடி மறுபடி நிற்கிற வண்டிகள்தான் ஆட்களைத் திணறடிக்கும். அப்போது நாசிலைத் தொட வேண்டாம். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் பாருங்கள். அங்கே பம்ப் இழுக்கிறது, அதனால் வெளியே ஈரம் தெரியாமலே காற்று உள்ளே போகும். ரப்பர் ஹோஸ் வயதாகிக் கட்டைபோல் ஆகியிருக்கும், கிளிப் போட்ட இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கும். டேங்க் மூடியிலுள்ள சின்னத் துளையும் சேறு அடைத்துக்கொள்ளும். மூடியைத் தளர்த்தியதும் வண்டி ஒழுங்காக ஓடினால் குற்றம் அங்கேதான்.

அடுத்தது டீசல் பைப் இணைப்புகளில் போடும் செம்பு வாஷர். பழையதையே திரும்பத் திரும்பப் போட்டால் இறுகிப்போய்ச் சரியாகப் பதியாது, கசியும். அவசரத்துக்கு அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மிருதுவாகிவிடும். ஆனால் புதிது வாங்குவதற்குப் பெரிய செலவில்லை.

டேங்க் காலியாகும்போது அடியில் கிடந்த வண்டலும் தண்ணீரும் ஃபில்டருக்கு வந்திருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில்தான் தங்கும். அதனால் ஒருமுறை டீசல் தீர்ந்து நின்றால், அந்த வாரத்திலேயே ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிடுவோம். உழவு முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்புகிறோம். காலியான டேங்கில் இரவில் ஈரம் கோத்துத் தண்ணீராகும், அது இதனால் குறைகிறது. டீசல் காட்டும் முள் எங்கள் வண்டியில் ஓய்ந்து வெகு காலமாயிற்று. லிட்டர் கணக்குக்குக் கோடு போட்ட மூங்கில் குச்சியை விட்டுப் பார்க்கிறோம். கால் டேங்குக்குக் கீழே இருந்தால் சேற்றில் இறக்குவதில்லை.