தற்சார்பு வாழ்க்கைக்கு எந்த கவுண்டி? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

அமெரிக்காவில் நகரத்தை விட்டு விலகி, பத்தோ இருபதோ ஏக்கர் வாங்கி, மின்சாரமும் கடைகளும் நின்றுபோனாலும் சில மாதம் தாக்குப்பிடிக்கும்படி வாழ நினைப்பவர்களைப் பிரெப்பர் என்பார்கள். எந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிலம் வாங்கலாம் என்று அவர்கள் பேசும்போது முதலில் வருவது பெருநகரத்திலிருந்து எவ்வளவு தூரம், கட்டட விதி எவ்வளவு தளர்வு, துப்பாக்கிச் சட்டம் எப்படி என்பதுதான். தண்ணீர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் பார்த்தால் என்ன விடை வருகிறது என்று மூன்று கவுண்டிகளை எடுத்துக்கொண்டேன்: கொலராடோவின் கோஸ்டியா, ஐடஹோவின் பவுண்டரி, மிசோரியின் ஹவெல்.

கோஸ்டியாவில் இருந்து தொடங்குகிறேன். ஆசை காட்டி ஏமாற்றும் இடம் அதுதான். சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில், ஐந்து ஏக்கர் துண்டுகள் ஒரு பழைய கார் விலைக்குக் கிடைக்கும். வடக்கே பிளாங்கா சிகரம், தலைக்கு மேல் மேகமே இல்லாத நீலம். சூரியத் தகடு வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கீழே குனிந்து மண்ணைப் பாருங்கள். செருப்பால் கிளறினால் புழுதி எழும்பும். ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவில் வெறும் தரை. ஆண்டு மழை 8 அங்குலம் அளவுக்குத்தான்.

சரி, ஆழ்குழாய்க் கிணறு, அதாவது போர் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். கொலராடோவில் 35 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்குப் பொதுவாகக் கிடைப்பது வீட்டு உபயோக அனுமதி மட்டும். அந்தத் தண்ணீரில் சமைக்கலாம், குளிக்கலாம். தக்காளிச் செடிக்கு ஊற்றக் கூடாது, கோழிக்கு வைக்கவும் கூடாது. மழைநீர்? 2016-ல் வந்த சட்டப்படி ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன், அதாவது சுமார் 416 லிட்டர். எனவே பலர் வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடித் தோட்டத்துக்கு வாரம் ஓர் அங்குலம் நீர் என்றால் சுமார் 2,360 லிட்டர். கம்பிக்கூண்டுக்குள் இருக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் ஒன்று 275 காலன், அதாவது சுமார் 1,040 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் ஒரு டன்னைத் தாண்டும். பெரும்பாலான சாதாரண பிக்கப் வண்டிகளின் சுமைவரம்புக்கு அது அதிகம். வாரத்துக்கு இரண்டு நடைக்கு மேல், டீசலோ பெட்ரோலோ ஊற்றிக்கொண்டு. எரிபொருள் கிடைக்காத நாளுக்காகத்தானே இந்த ஏற்பாடெல்லாம்?

இதே கவுண்டியில் சான் லூயிஸ் ஊர்க்காரர்கள் 1852-ல் வெட்டிய வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. கொலராடோவின் மிகப் பழைய நீருரிமை அதற்குத்தான். அந்த வாய்க்கால் பாசனத்தில் நிலம் கிடைத்தால் கதையே வேறு. மலிவு விலைத் துண்டுகள் அங்கே இல்லை. அப்புறம், கவுண்டிக்குள் மருத்துவமனை கிடையாது. சான் லூயிஸிலிருந்து அலமோசாவுக்குச் சுமார் 40 மைல் போக வேண்டும். 2018-ல் ‘ஸ்பிரிங் கிரீக்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ இந்த கவுண்டியிலும் பக்கத்து வெர்ஃபனோவிலும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

பவுண்டரி கனடா எல்லையை ஒட்டியது. 2011-ல் பிரெப்பர் எழுத்தாளர் ஜேம்ஸ் வெஸ்லி ராவ்ல்ஸ் ‘அமெரிக்கன் ரிடவுட்’ (அமெரிக்க அரண்) என்று முன்வைத்த பகுதிக்குள் வருவதால் பிரெப்பர்களிடம் இதற்குத் தனி மவுசு. தண்ணீர் விஷயத்தில் மவுசுக்குக் காரணமும் இருக்கிறது: ஐடஹோவில் வீட்டுக் கிணற்றிலிருந்து நாளுக்கு 13,000 காலன் வரை, அரை ஏக்கர் தோட்டத்தையும் ஆடுமாடுகளையும் சேர்த்து, தனி உரிமம் வாங்காமலே எடுக்கலாம். விறகுக்குப் பஞ்சமில்லை. கூட்னை ஆற்றங்கரை வயல்கள் நல்ல வளம். ஆனால் அவை கரைகட்டிக் காக்கப்படும் தாழ்நிலம். கவுண்டித் தலைநகர் பானர்ஸ் ஃபெரி 1948-ல் வெள்ளம் புகுந்த ஊர். இப்போது மேலே மொன்டானாவில் இருக்கும் லிபி அணைதான் காவல். பனிக்காலத்தில் வானம் மூடியே கிடக்கும் என்பதால் சூரியத் தகட்டை நம்ப முடியாது. குழந்தை பெற நினைக்கும் இளம் தம்பதிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கத்து சாண்ட்பாயிண்ட் மருத்துவமனை 2023-ல் பிரசவப் பிரிவை மூடிவிட்டது. அதையும் தாண்டி கோர்டலேன் போக பானர்ஸ் ஃபெரியிலிருந்து ஏறக்குறைய 80 மைல், பனியில்.

என் ஓட்டு ஹவெலுக்கு. ஓசார்க் மேட்டுநிலம், ஆண்டு மழை சுமார் 45 அங்குலம். 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது மட்டுமே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அதைப் பிடிக்காதே என்று சொல்லும் சட்டம் இல்லை. கோஸ்டியாவில் அதே கூரைக்கு 19,000 லிட்டர்தான் விழும், அதையும் முழுதாகப் பிடிக்க விடமாட்டார்கள். கவுண்டித் தலைநகர் வெஸ்ட் பிளெய்ன்ஸில் மருத்துவமனை இருக்கிறது. சுமார் 40,000 பேர் வாழும் கவுண்டி என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் பலமாகப் பார்க்கிறேன். வெல்டரும் கால்நடை மருத்துவரும் வைக்கோல் விற்பவரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். மின்சாரத்தைச் சார்ந்திராத ஆமிஷ் குடும்பங்கள் வடமேற்கே சீமோர் பக்கம் நிறைய. மண் மட்டும் கரடு. கடப்பாரை இல்லாமல் வேலிக்கால் நட முடியாது; தோட்டத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி உரமண் போட வேண்டும். உண்ணித் தொல்லை, டொர்னேடோ என்னும் சுழல்காற்று, 2017 ஏப்ரலில் வந்ததுபோல வெள்ளம் எல்லாம் உண்டு.

ஆனால் ஹவெலின் உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கீழே இருப்பது நீரில் கரையும் சுண்ணாம்பு வகைப் பாறை. ஓட்டையும் குகையுமாக இருக்கும். 1978-ல் வெஸ்ட் பிளெய்ன்ஸின் கழிவுநீர்க் குட்டை அடியில் தரை உள்வாங்கி, சாக்கடை நேராக நிலத்தடி நீரில் கலந்தது. நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். இங்கே தண்ணீர் தாராளம். அது சுத்தமா என்பதுதான் கேள்வி. எனவே போரின் ஆழத்தைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், மேல்மட்ட அழுக்கு நீர் உள்ளே புகாமல் தடுக்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனையை வறண்ட நாளில் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை செய்யுங்கள். நிலம் பார்க்கவும் மழை விட்ட மறுநாளே போங்கள். மேய்ச்சல் நிலத்தின் நடுவில் கிண்ணம்போல் ஒரு பள்ளம், அதில் தேங்காமல் சரசரவென்று இறங்கும் கலங்கல் தண்ணீர் கண்ணில் பட்டால், அது எங்கே போகிறது என்று தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.